இறம்பொடையில் மழை தவறும் மாதங்கள்



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருவீதியிலே இறம்பொடையில் இறங்கி நில்லாமற் செல்வோர் அரியர். ஏறத்தாழ 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியைக் கண்டவருக்கு, இவ்வூரிலும் தண்ணீர்ப் பஞ்சம் உண்டென்று சொன்னால் நம்பிக்கை வராது. ஆயினும், பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மழை தவறிவிட்டால், அருவிக்கு அயலிலுள்ள தோட்டங்களிலேயே பீலிக்கரையில் குடங்கள் வரிசையாகக் காத்து நிற்கும். இஃது எவ்வாறு நேர்கின்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலில் முகந்த ஈரத்துடன் மத்திய மலைகளில் மோதி மேலெழுகின்றது. மேலெழுந்த காற்றுக் குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரையும் தாண்டும். மலைத்தொடர்களுக்கு உட்புறத்தே அமைந்த நுவரெலியாவிலோ அதில் பாதியும் இல்லை. அதே காற்று மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து, வெப்பமுற்று, மட்டக்களப்பார் கச்சான் என்று அழைக்கும் வறண்ட காற்றாகிவிடுகின்றது. ஒரே காற்று ஒரு சரிவுக்குக் குடையும் மறு சரிவுக்கு விசிறியும் தேவையாக்குகின்றது.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள வடகீழ்ப் பருவத்தில் நிலைமை மாறுகின்றது. மழையின் பெரும்பகுதியைக் கிழக்குச் சரிவுகள் வாங்கிக்கொள்ள, மேற்குப் பக்கத்துக்கு எஞ்சுவது குறைவே. வானம் தெளிந்து, இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதனால், நுவரெலியாவில் சில காலைகளில் உறைபனியும் படிவதுண்டு. இந்தக் குளிர்ந்த வரட்சியிலேதான் டிம்புள்ளைப் பகுதித் தேயிலைக்குச் சிறந்த மணம் ஏறுகின்றது. ஏலத்தில் அதற்கு நல்ல விலை. ஆகவே, வரட்சி என்றதும் தோட்டத்துரைமார் எல்லோரும் முகம் சுளிப்பர் என்று எண்ணவேண்டாம்! வரட்சி அளவு மீறினால் மட்டுமே, தளிர் விடாது மொட்டு உறங்கிவிட, பறிப்பதற்கு இலையே இல்லாமற் போகும்.

அப்போது முதலில் பாதிக்கப்படுவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையே. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் அரைப்பேர் போடும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. மழை பெய்யாமைக்கு அவள் என்ன செய்வாள்? வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின், வற்றிய பீலிக்கும் அவளே குடத்துடன் செல்லவேண்டும்.

எல்லா வரட்சியும் மார்ச்சிலே தொடங்குவதில்லை. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பாகம் வழமையிலும் வெப்பமுற்று, மேற்குப் பாகம் குளிர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர், நவம்பர் மழை பெரிதும் பொய்த்தது. அதனைத் தொடர்ந்த 2017ஆம் ஆண்டு வரட்சி, நாற்பது ஆண்டுகளில் காணாத கொடுமையென்று மதிக்கப்பட்டது. பசிபிக் சமுத்திரத்தின் எல் நினோவையே எல்லாவற்றுக்கும் குற்றஞ் சாட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. உண்மையில், எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை இலங்கையில் மழை மிகுவதே பெரும்பான்மை; அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச்சு வரையிலேதான் அது குறைய முற்படும்.

இறம்பொடையிலிருந்து கீழே நோக்கினால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 1985இல் நிறைவுற்ற அணைக்கட்டினால் மூழ்கிய கடதொர விகாரை, நீர் மிகவும் வற்றும் காலத்தில் வெளியே தலைகாட்டும். மக்கள் அதைக் கண்டே வரட்சியை அளவிடுவர். ஆனால் விகாரை தெரியும்போது வரட்சி ஏற்கெனவே முற்றிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

முன்கூட்டி அறிவதற்கு நீண்டகாலக் கணக்கு வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம், பல நிலையங்களிலும் தோட்டங்களிலும் பெறப்படும் மழை அளவுகளைத் திரட்டுகின்றது. குறித்த மூன்று மாத மழையை, அதே மூன்று மாதங்களுக்கு முந்திய முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ கிடைத்த மழையுடன் ஒப்பிட்டுச் சுட்டெண் கணிப்பர். இதனால், வழமையாக வறண்டிருக்கும் மாதத்தையும் மெய்யாகவே மழை தவறிய மாதத்தையும் வேறு பிரித்து அறியலாம்.

மழைமானி வைத்திருக்கும் பாடசாலைகளும் தோட்டங்களும் ஒன்றை மறவாதிருத்தல் நலம். மானி மரநிழலிலோ கூரையோரத்திலோ இருத்தலாகாது, காலை 8.30 மணிக்கு அளவெடுக்கவேண்டும். மழை பெய்யாத நாளிலும் பூச்சியம் என்று எழுதவேண்டும். வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா, அளந்தவர் வரவில்லையா என்று பின்னர் ஒருவரும் சொல்ல முடியாது.

மானி இல்லாத லயத்தாரும் ஊற்றை அளக்கலாம். பத்து லீற்றர் வாளி ஒன்றைப் பீலியின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்தனை செக்கன் ஆகின்றது என்று வாரமொருமுறை குறித்துவைத்தாற் போதும். மழை நின்று பல வாரங்கள் சென்ற பின்னரே ஊற்றுத் தளர்வது வழக்கம். நிரம்பும் நேரம் வாரத்துக்கு வாரம் நீள்வது கண்டால், பீலி முற்றாக வற்றுமுன்னே தண்ணீர்த் தொட்டியைத் திருத்தவும், பவுசர் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதவும் அவகாசம் கிடைக்கும். அக்கடிதத்துடன் அந்த வாராந்தக் குறிப்பையும் இணைத்து அனுப்பலாம்.