விடுமுறையில் கடலோரம்

"கடல் என்ன நிறம்?" என்று ஒரு முறை வகுப்பில் கேட்டேன். பிள்ளைகள் எல்லாரும் "நீலம்" என்றார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் "மண்ணு கலர், சார்" என்றான். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவன் சொன்னதில் தவறில்லை. அவன் கண்ணால் பார்த்தது தஞ்சோங் பியாண்டாங் கடல். மற்றவர்கள் பார்த்தது புத்தகத்தில் இருந்த படம்.

பாரிட் புந்தாருக்கு மிக அருகில் இருக்கும் கடல் ஏன் சேறாக இருக்கிறது? கிரியான் ஆறும் மற்ற ஆறுகளும் உள்நாட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து கடலில் சேர்க்கின்றன. எதிரே சுமத்ரா தீவு மதில்போல் நிற்பதால் மலாக்கா நீரிணையில் பேரலைகள் எழுவதில்லை. அலை சிறுத்தால் மெல்லிய சேறு அங்கேயே படிந்துவிடும். அந்தச் சேற்றில் காண்டாமரங்கள் வேரூன்றி, மண்ணை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. குவாலா கூலாவிலிருந்து தெற்கே நீளும் மாத்தாங் காண்டாக்காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ளது. 1902ஆம் ஆண்டு முதல் முறையாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அங்கேதான்.

ஆகவே இந்தக் கரை குளிப்பதற்கு ஏற்றதன்று, கால் புதைந்துவிடும். பார்ப்பதற்கோ நல்ல இடம். வட நாடுகளில் குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பறவைகள் குவாலா கூலாவுக்கு வந்து இரை தேடுகின்றன. செலவில்லாமல் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க இது போதும்.

மணலில் விளையாட வேண்டுமானால், மலை கடலைத் தொடும் இடத்துக்குப் போகவேண்டும். கருங்கல் மலை வெயிலிலும் மழையிலும் பொடிந்து பருமணலாகிறது. அலை சேற்றை அடித்துக்கொண்டு போக, கனமான மணல் கரையில் தங்குகிறது. பினாங்கின் பத்து பிரிங்கியும், லூமுட்டுக்கு அருகிலுள்ள தெலுக் பாத்தேக்கும், பங்கோர் தீவும் அப்படிப்பட்டவை.

காலையில் போய் மாலையில் திரும்ப நினைப்பவர்களுக்குப் பத்து பிரிங்கி ஏற்றது. பாரிட் புந்தாரில் ரயிலேறி பட்டர்வொர்த்தில் இறங்கினால், பக்கத்திலேயே பெர்ரித்துறை. அக்கரை சேர்ந்ததும் 101ஆம் எண் பேருந்து பத்து பிரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகிறது. அங்கே பெரிய விடுதிகள் வரிசையாக நிற்பதைக் கண்டு தயங்க வேண்டாம். விடுதியில் தங்காதவர்களுக்கும் அங்கே கடலுண்டு. வீட்டிலேயே புளிச்சோறு கட்டிக்கொண்டு, குடிதண்ணீரும் எடுத்துப் போனால் செலவு பாதியாகும்.

ஓரிரவு தங்க வசதியிருந்தால் பங்கோருக்குப் போகலாம். லூமுட்டிலிருந்து பெர்ரி உண்டு. பாசிர் போகாக், தெலுக் நிப்பா ஆகிய கரைகளில் பிள்ளைகள் விளையாடலாம். டச்சுக்காரர்கள் 1670ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையின் சுவர்களையும் பார்க்கலாம். கடலைப் பார்த்தபடி பத்ரகாளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்துக்கு அங்கே கூட்டம் சேரும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவக்காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் நம் மேற்குக் கரைதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பானது.

புறப்படுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். நம் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிக அதிகம். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மதியத்தில் பிள்ளையின் தலைக்கு மேல் போய்விடலாம்.

சிறு பிள்ளைகளைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கும் வயது பத்துதானே! காற்றடித்த டியூபை நம்ப வேண்டாம். கரைக்காற்று அதை உள்ளே இழுத்துப் போகும். ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். காடி எனப்படும் வினிகரை ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு சிறு புட்டி காடி பையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. பினாங்குக் கடற்கரைகளில் குடும்பங்கள் கூடியிருந்தன. காலை 9 மணி அளவில் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. மதியம் 1 மணிக்கு மேல் சுனாமி அலை இங்கே வந்தது. நம் நாட்டில் 68 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பினாங்கில். நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே நான்கு மணி நேரம் இருந்தும், கரையில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. ஆகவே, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடக்கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடவேண்டும். பையையும் செருப்பையும் தேடவேண்டாம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அறிந்து போகிறவர்கள் அச்சமின்றி மகிழலாம். செம்பனைக் காட்டிலும் வெட்டுக்காட்டிலும் ஆண்டு முழுதும் உழைக்கும் தாய் தகப்பனுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பழுப்புக் கடலையும் பார்க்கட்டும், நீலக் கடலையும் பார்க்கட்டும். இரண்டும் ஒரே கடல்தான் என்பதையும், நிறம் ஏன் மாறுகிறது என்பதையும் நீங்களே அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.