நேற்று ஓடிய கேபிள் இன்று ஏன் ஓடவில்லை?

கம்ப்யூட்டரில் நாம் எதையும் மாற்றியிருக்க மாட்டோம். ஆனாலும் நேற்று வரை ஒழுங்காக இயங்கிய சாதனம் ஒன்று காலையில் இயங்க மறுக்கும். உங்களில் பலருக்கு இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கலாம். உடனே சாதனம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கெட்டுப்போனது டிரைவராக இருக்கலாம்.

சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் விசைத்தறிக்காரர்களுக்கு நூலை எடை போட்டுக் கொடுத்து, சேலையாக எடை போட்டுத் திரும்ப வாங்குபவர். தராசு காட்டும் எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் சீட்டில் அச்சாகும். ஒரு சனிக்கிழமை, கூலி வாங்க ஆட்கள் நிற்கும் நேரத்தில் போன் செய்தார். "தம்பி, தராசு சரியாத்தான் காட்டுது. கம்ப்யூட்டர்ல கட்டம் காலியா நிக்குது." கையால் எழுதினால் ஆளுக்கு நூறு கிராம் தகராறு வரும் என்பது அவர் கவலை.

தராசில் இருப்பது பழைய ஒன்பது பின் சீரியல் போர்ட். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது இல்லாததால், யு.எஸ்.பி.க்கு மாற்றித் தரும் கேபிள் ஒன்றைப் போட்டிருந்தார். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். போர்ட்ஸ் பிரிவில் அந்தக் கேபிளின் மேல் மஞ்சள் முக்கோணம். சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, கோட் 10 என்ற செய்தி. அதே கேபிளை என் லேப்டாப்பில் செருகினேன், வேலை செய்தது! இரண்டிலும் டிரைவர் டேபைத் திறந்து பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. என்னுடையதில் பழைய பதிப்பு. அவருடையதில் இரவோடு இரவாக அப்டேட்டில் வந்த புதிய பதிப்பு.

டிரைவர் என்பது சாதாரண புரோகிராம் போன்றதல்ல. இது போன்ற டிரைவர்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையமான கெர்னலோடு சேர்ந்து இயங்குபவை. கேபிளுக்குள் இருக்கும் சிப்போடு பேசுவது டிரைவர்தான். அது "உன்னைத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் தராசு என்ன அனுப்பினாலும் மேலே வராது. பழைய சிப்களையும் போலிச் சிப்களையும் புதிய டிரைவர் வேண்டுமென்றே ஒதுக்குவதும் உண்டு.

இதில் உலகப் புகழ் பெற்றது 2014ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது. எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. அந்நிறுவனத்தின் சிப்பைப் போலச் செய்யப்பட்ட போலிச் சிப்களில், 6001 என்றிருந்த அடையாள எண்ணை அது 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. எண் சிப்பிலேயே மாறிவிட்டதால் கேபிளை வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் பயனில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ்காரர்கள் தங்கள் கெர்னல் டிரைவரின் பட்டியலில் அந்த 0000 எண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். 2016இல் வந்த இன்னொரு பதிப்பு, போலிச் சிப் என்று கண்டால் தகவலுக்குப் பதிலாக "இது அசல் அல்ல" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகத்தை அனுப்பியது. எடைக் கட்டத்தில் அது வந்து நின்றால் அண்ணாச்சி என்ன செய்திருப்பார்! போலி தயாரித்தவன் மேல் நிறுவனத்துக்குக் கோபம் இருப்பது நியாயம்தான். ஆனால் அடி விழுந்தது தெரியாமல் வாங்கியவர்களுக்கு.

சரி, நம் கதைக்கு வருவோம். டிரைவர் டேபில் ரோல் பேக் டிரைவர் பட்டனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே அது மங்கலாக இருந்தது. எனவே அப்டேட் டிரைவர் கிளிக் செய்து, கம்ப்யூட்டரிலேயே தேடும் வழியைத் தேர்ந்தெடுத்து, பின் பட்டியலிலிருந்து எடுக்கும் வழிக்குப் போனேன். பழைய பதிப்பும் பட்டியலில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்தியதும் முக்கோணம் மறைந்துவிட்டது. உங்கள் பட்டியலில் அது இல்லையென்றால் கேபிளோடு வந்த சி.டி. அல்லது தயாரித்த நிறுவனத்தின் தளம், இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்திடுங்கள். கண்ட தளங்களில் கிடைக்கும் டிரைவரைக் கெர்னலுக்குள் விடுவது, முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல.

அப்போதும் எடை வரவில்லை! காரணம் சின்னதுதான். முன்பு காம் 3 என்றிருந்த போர்ட் இப்போது காம் 5 ஆகியிருந்தது. பில் போடும் சாப்ட்வேர் இன்னும் 3ஐத்தான் தேடிக்கொண்டிருந்தது. போர்ட் செட்டிங்ஸ் டேபில் அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி எண்ணை 3 ஆக்கி, கேபிளைக் கழற்றிச் செருகியதும் கட்டத்தில் எடை வந்து நின்றது.

அடுத்த அப்டேட்டில் மீண்டும் இதே தொல்லை வராதிருக்க, சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ஹார்டுவேர் டேபிற்குச் சென்று, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் நோ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். இதனால் மற்ற சாதனங்களுக்கும் டிரைவர் தானாக வராமல் போகலாம். புதிதாகப் பிரிண்டர் வாங்கினால் அதன் டிரைவரை நீங்களே பதிய வேண்டியிருக்கும். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி, கேபிளின் சி.டி.யைக் கல்லாவிலேயே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.