அக்கரையில் இருந்த கணினி
கைக்கு வந்த கருவிகள் – 11

பழவேற்காட்டு மீனவர் குப்பங்களுக்குக் கணினி வந்த வரிசை மற்ற ஊர்களின் வரிசை அல்ல. நகரங்களில் அது முதலில் அலுவலகத்துக்கு வந்தது. பிறகு பள்ளிக்கு, வீட்டுக்கு, கடைசியில் சட்டைப்பைக்கு. இங்கே அது முதலில் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில், வேலி போட்ட தீவுக்குள் இருந்தது. அடுத்துப் படகில் ஏறிக் கடலுக்குப் போனது. வீட்டுக்குள் நுழைந்தது அதற்கும் பிறகுதான்.

அந்தத் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்துக்கொண்டு நீளமாகக் கிடக்கும் மணல்திட்டு. 1969-இல் ராக்கெட் ஏவுதளத்துக்காக அது தேர்வானதும் அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 முதன்முறையாக ஏவப்பட்டபோது கடைசி நிமிடத்துக்குள் கணினி குறுக்கிட்டு ஏவுதலை நிறுத்தி வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு என்றது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் வல்லுநர்களைக் கேட்டுவிட்டு, கணினியை மீறி ஏவச் சொன்னார். ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. கணினியை மீறியதைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவும் நடந்தது குப்பங்களிலிருந்து ஒரு ஏரித் தொலைவில். ஏவுதல் நாளில் கரைக்காரர்களுக்குத் தெரிந்ததோ, குறிப்பிட்ட பகுதிக்குள் தொழிலுக்குப் போகக்கூடாது என்ற தடை மட்டும்தான்.

வீட்டுக் கணினி என்ற பொருள் உலகில் பரவியது அதற்கு அடுத்த சில ஆண்டுகளில். 1981-இல் பி.பி.சி. மைக்ரோவும் 1982-இல் சின்க்ளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமும் பிரிட்டனில் வெளிவந்தன. ஸ்பெக்ட்ரத்தின் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமிப்புக்குப் பாட்டு கேட்கும் டேப் ரெக்கார்டர். ஒரு விளையாட்டை ஏற்றச் சில நிமிடம் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்; நடுவில் நாடா பிசகினால் மறுபடி முதலிலிருந்து. இந்தியாவில் 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் பி.பி.சி. மைக்ரோவைப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தது. முதலில் சுமார் 250 பள்ளிகள். எண்பதுகளின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை உரிமம் பெற்று இங்கேயே விற்றது. சென்னை, பம்பாய் நடுத்தரக் குடும்பங்கள் சிலவற்றில் இன்று ஐம்பதைக் கடந்தவர்களின் பால்யம் இந்தப் பெட்டிகளோடு கழிந்தது.

சென்னையிலிருந்து பழவேற்காடு 60 கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் அந்தப் பெட்டி அங்கே போகவில்லை. பணமில்லை என்பது மட்டும் காரணமல்ல. வீட்டுக் கணினி சில வசதிகள் வீட்டில் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு செய்யப்பட்டது: விட்டுவிட்டு வராத மின்சாரம், தொலைக்காட்சி, மேசை, ஆங்கிலம். ஓலைக்கூரைக்குக் கீழே, உப்புக்காற்று ஆணியையே அரித்துத் தின்னும் இடத்தில், அதன் செம்புத் தடங்கள் எத்தனை நாள் தாங்கும்? அதைவிட முக்கியமானது, அந்தப் பெட்டியிடம் கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும், மீன் எங்கே நிற்கிறது, இன்று என்ன விலை போகும் என்ற மூன்று கேள்விக்கும் அதனிடம் பதில் கிடையாது. அவற்றில் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொன்ன கருவி டிரான்சிஸ்டர் வானொலி. புயல் எச்சரிக்கையைத் தமிழில் சொன்னது, பேட்டரியில் ஓடியது, பாலித்தீன் பையில் சுற்றிப் படகில் வைத்துக்கொள்ள முடிந்தது. பழவேற்காட்டுக்கு உண்மையில் பொருந்திய முதல் சொந்த மின்னணுக் கருவி அதுதான்.

தமிழும் கணினிக்குள் போக நாளாயிற்று. கனடாவில் இருந்த ஸ்ரீனிவாசன் 1984-இல் ‘ஆதமி’ என்ற தமிழ் எழுதும் மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ தந்தார். பிறகு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று ஆனது. ஒருவர் எழுதிய கோப்பு மற்றவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகையையாவது ஒழுங்குபடுத்தியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு வேரூன்றும் வரை குறியீட்டுச் சிக்கல் தீரவில்லை.

படகில் ஏறிய முதல் கணினி ஜி.பி.எஸ். அதை யாரும் கணினி என்று அழைக்கவில்லை. ஆனால் செயலி, நினைவகம், திரை மூன்றும் உள்ளங்கை அகலத்தில் இருந்தன. கடலில் இடம் குறிக்கும் பழைய முறை கரையைப் பார்ப்பது. கலங்கரை விளக்கம், பனைக்கூட்டம், கோயில் கோபுரம் என இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வரும்படி படகை நிறுத்துவார்கள். வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பார்ப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே இலக்கு. கரை மறைந்துவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. அமெரிக்கா தன் செயற்கைக்கோள் சைகையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. நூறு மீட்டர் வரை தவறிக் காட்டிய கருவி அதன்பின் பத்து, இருபது மீட்டருக்குள் காட்டியது. கடலடிப் பாறைத்திட்டான ‘பார்’ ஓரத்தில்தான் மீன் கூடும். பாரின் மேலேயே வலையை விட்டால் கிழியும். இருபது மீட்டர் துல்லியம் வந்த பிறகு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டக் கருவியால் முடிந்தது. தலைமுறைகளாகக் கண்ணாலும் மனத்தாலும் காத்த இடங்கள் ‘பாயின்ட்’ என்ற பெயரில் எண்களாகின. ஒருவரின் ஜி.பி.எஸ்ஸில் இருக்கும் பாயின்டுகள் அவருடைய சொத்து. எல்லோருக்கும் எளிதில் காட்டுவதில்லை.

ஏரிக்குள் இந்தக் கருவிக்கு அவ்வளவு வேலையில்லை. அங்கே யார் எந்த இடத்தில், எந்த நாளில் இறால் வலை கட்டலாம் என்பதைப் ‘பாடு’ முறை முடிவு செய்கிறது. நடுவூர் மாதா குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கின்றன. ஆழமில்லாத, எல்லை தெரிந்த நீர்ப்பரப்பில் செயற்கைக்கோளைவிட ஊர்க்கூட்டமே துல்லியமானது.

கணினியைத் தனி வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவாக வைத்த முயற்சி இதே சோழமண்டலக் கரையில், புதுச்சேரியில் நடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மையத்தின் ஒலிபெருக்கி உடனே ஒலித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் சுனாமி வருமுன் கரையை விட்டு விலகியது. அன்று உயிர் காத்தவை கணினி அல்ல, ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும். ஆனால் அந்த ஒலிபெருக்கி அங்கே நின்றது கணினியின் பொருட்டு.

மூன்றாவது கேள்வியான விலைக்குப் பதில் சொன்னது கைப்பேசி. கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கடலோரத்தில் கைப்பேசி பரவியதைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். கரைக்கு வருமுன்பே விலை கேட்க முடிந்ததால் மத்தி வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ஆனால் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் வாங்கி, ஏலக்காரருக்கே மீனைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் எந்தக் கரையில் இருந்தாலும், அவர் கையிலுள்ள கைப்பேசி விலையைத் தெரிவிக்கும். பேரம் பேசும் உரிமையைத் தராது. இதைச் சொல்லாமல் கைப்பேசியைப் புகழ்வது அரைகுறை.

வீட்டுக் கணினி கடைசியில் மாணவர்களின் பையில் வந்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில்தான், காக்களூரில். அடுத்த பத்தாண்டுக்குள் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் போயின. ஸ்பெக்ட்ரத்தின் 48 கிலோபைட் எங்கே, இந்த மடிக்கணினியின் ஜிகாபைட் எங்கே! கடலோரக் குடும்பங்கள் பலவற்றில் சொந்தக் கணினி என்று முதலில் வந்தது இதுவே. அப்போதே ஸ்மார்ட்போனும் வந்துவிட்டது. 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தபின் எழுத்துக்கூட வேண்டியதில்லை. விசைப்பலகைச் சண்டைகள் எதையும் அறியாமலே கரைக்காரர்கள் தமிழில் பேசி அனுப்பினார்கள்.

அக்கரைத் தீவும் இதற்கிடையே திரும்பிப் பார்த்தது. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-1 ஏவப்பட்டது. கடல்நீரின் நிறத்தை அளந்து பச்சையம் எங்கே மிகுந்திருக்கிறது என்று காட்டும் செயற்கைக்கோள் அது. பச்சையம் மிகுந்த இடத்தில் நுண்பாசி; நுண்பாசியைத் தேடி மீன். இந்த வகைத் தரவையும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் சேர்த்து, ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. எந்த ராக்கெட்டுக்காகப் படகுகள் கரையில் காத்திருந்தனவோ, அதே ராக்கெட் ஏற்றிப்போன கண், மீன் எங்கே என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுகிறது.

இந்த வரிசைக்கு வெளியே இருப்பவர்களும் உண்டு. ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய கூடையில் போடுகிறார்கள். இங்கே சொன்ன கருவிகள் எதுவும் அந்தத் தொழிலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கைப்பேசி உள்ளவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு: கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டரோடு முடிகிறது. 2017-இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மீனவர்களை அதற்கு அப்பால் பிடித்துக்கொண்டது; எச்சரிக்கை போய்ச்சேர வழியில்லை. அதன்பின் வந்தவைதான் செயற்கைக்கோள் செய்தியைப் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குத் தரும் ஜெமினி கருவியும், படகிலிருந்தும் கரைக்குச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரும். நாடு முழுக்க 1 லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

1980-களின் கேசட்டில் பதிந்த நிரல்கள் பலவும் இன்று படிக்க முடியாதவை. நாடா பூசணம் பிடித்தது, அல்லது படிக்கும் கருவியே இல்லை. ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிய தமிழ்க் கோப்புகளில் பலவற்றுக்கும் அதே கதி. படகிலுள்ள பழைய ஜி.பி.எஸ். கருவியும் ஒருநாள் உப்பேறி அணையும். அப்போது அப்பா குறித்துவைத்த பாயின்டுகள் அதோடு போகும். கருவி இயங்கும்போதே அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பாரின் பெயரையும், அங்கே எந்தப் பருவத்தில் எந்த மீன் கிடைக்கும் என்பதையும், கரையில் எந்த அடையாளத்தைப் பார்த்து அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள்.