அசீல் கோழி

நீண்ட கழுத்து. உயரமான கால்கள். சின்னக் கொண்டை. இறுகிய உடம்பு. இதுதான் அசீல் கோழி. சேவல் 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். பெட்டை 2 முதல் 3 கிலோ. அசீல் என்றால் அசல், கலப்பில்லாதது என்று பொருள். ஆந்திரா, தெலங்கானா பக்கம் பழங்காலம் முதல் வளர்த்து வரும் இனம் இது. நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். கறுப்பு என்றால் காக்கி. தெலுங்கில் காக்கி என்றால் காகம்.

இன்று கலப்பில்லாத அசீல் குறைந்து வருகிறது. மற்றக் கோழிகளோடு கலந்து போனது ஒரு காரணம். நோய் இன்னொரு காரணம். ஐதராபாத் ராஜேந்திர நகரில் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் இருக்கிறது. இந்த இனம் அழியாமல் அங்கே காத்து வருகிறார்கள்.

அசீல் பெட்டை வருடத்துக்கு 40 முட்டை இட்டாலே அதிகம். அதே ஐதராபாத் நிலையம் உருவாக்கிய வனராஜா கோழி 100 முட்டைக்கு மேல் இடும். பிறகு அசீல் எதற்கு? வனராஜா பெரும்பாலும் அடைகாப்பதில்லை. குஞ்சு வேண்டுமானால் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அசீல் பெட்டை தானே அடைகாக்கும். 10 முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்து வந்தால் எதிர்த்து நிற்கும். கையில் காசு இல்லாத வீட்டுக்கு இதுவே ஏற்ற கோழி.

அடை வைத்த ஏழாம் நாள் இரவு, முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தால் குஞ்சு வளர்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் அது கூமுட்டை. எடுத்து விடலாம்.

வளர்ந்த சேவல்கள் ஒன்றை ஒன்று கொத்திக் கொல்லும். தனித்தனியே வைக்க வேண்டும். சண்டைக்காகவே இதை வளர்ப்பவர்கள் உண்டு. விலங்குகளைச் சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீண் வம்பு அது.

கிழக்குக் கோதாவரிப் பகுதி மலைவாழ் மக்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெயர் வாட்டா. வாட்டா என்றால் பங்கு. கோழி இல்லாத வீட்டுக்கு ஒருவர் பெட்டை கொடுப்பார். பொரிக்கும் குஞ்சுகளை இருவரும் பங்கிட்டுக் கொள்வார்கள்.

ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்தால் பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. இதற்கு இன்னொரு பெயர் ராணிக்கெட் நோய். கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து திருகிக் கொள்ளும். தெருவில் உள்ள கோழிகள் எல்லாம் சில நாளில் செத்து விழும். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி போட வேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. நோய் இல்லாத கோழிக்கு மட்டுமே போட வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தடுப்பு மருந்துப் புட்டி ஒன்று 100 கோழிக்கும் அதற்கு மேலும் வரும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். மிச்சம் வைக்க முடியாது. ஒரு வீட்டில் இருப்பதோ ஐந்து கோழி. அதனால் பத்து இருபது வீட்டார் சேர்ந்து நாள் குறிக்க வேண்டும். கால்நடை மருத்துவமனையில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். விடியற்காலை நல்ல நேரம். கோழிகள் அப்போது பஞ்சாரத்தில் இருக்கும். துரத்த வேண்டியதில்லை.