சீட்டில் இல்லாத ஒரு வரி

பாகூரில் நெல்லுக்கு மருந்தடித்த மறுநாள் என் மாணவனின் தந்தைக்குத் தலைச்சுற்றல், வாந்தி. மருத்துவச் சீட்டில் வயது, நோய், மாத்திரை எல்லாம் இருந்தன. முந்தின நாள் என்ன வேலை செய்தார் என்பது இல்லை. இத்தகைய சீட்டுகள் ஆயிரம் சேர்ந்தாலும் பூச்சிமருந்து பிடிபடாது.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். பத்ரே கிராமத்தில் நோய்கள் குவிவதை உள்ளூர் மருத்துவர் மோகன்குமார் கவனித்தார். சந்தேகம் மட்டும் சான்றாகாதே! 2001இல் அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அவ்வூர்ப் பள்ளி மாணவர்களை, மருந்து தெளிக்காத ஊர் மாணவர்களுடன் ஒப்பிட்டது. பத்ரே பிள்ளைகளின் இரத்தத்தில் எண்டோசல்ஃபான் கூடுதலாக இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது.

வருகைப்பதிவேட்டில் நாமும் 'விடுப்பு' என்று மட்டும்தானே எழுதுகிறோம்? என் எட்டாம் வகுப்பில் இப்போது தேதி, உடல்நலக் குறை, அன்று வயலில் நடந்த வேலை மூன்றையும் பெயரின்றிக் குறிக்கிறோம்.