மீண்டும் விண்ணப்பிக்கும் மாணாக்கரும் மருத்துவக் கல்லூரித் தேர்வும்

ஆறாம் படிவத்தை முடித்து, மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல் நிற்கும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளர். அவருள் தோட்டத்துப் பிள்ளைகளும் உளர். மறு ஆண்டு விண்ணப்பிக்குமுன் அவர்களும் பெற்றோரும் யோசனை கேட்டு வருவது பெரும்பாலும் பழைய தமிழாசிரியரிடமே. ஆகவே ஆசிரியர்களாகிய நாம் இதுபற்றிச் சிலவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முன்னாளில் இத்தேர்வுக்கே இடமில்லை. 1905 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஒன்றே நெடுங்காலம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக இருந்தது. 1960களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. பின்னர் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவும், கெடாவில் ஏய்ம்ஸ்ட், நம் ஜொகூரில் நியூகாசல் பல்கலைக்கழகக் கிளை போன்ற தனியார் நிலையங்களும் தோன்றின. வாயில்கள் பெருகின, எந்த வாயிலைத் தட்டுவது என்னும் குழப்பமும் உடன் பெருகியது.

"எந்தக் கல்லூரி புகழ் வாய்ந்தது?" என்பதே பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி. அது பின்னர்க் கேட்கத்தக்கது. "என் பிள்ளையைப் போன்றவர்க்கு அங்கே எத்தனை இடம்?" என்பதே முதலில் கேட்கத்தக்கது.

சான்றாக, 1835 இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 மாணாக்கர் சேரும் பெரிய கல்லூரி அது. ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 100க்கு 85 இடங்கள் அம்மாநிலத்தார்க்கே உரியவை. எஞ்சிய 15 இடங்களுக்கு இந்தியா முழுவதிலுமுள்ள மாணாக்கர் போட்டியிடுகின்றனர். பெங்களூரிலிருந்து வரும் மாணவருக்கே அந்த 250 என்பது முப்பத்தேழு, முப்பத்தெட்டாகச் சுருங்கிவிடுகிறது. மலேசியக் குடிமக்கள் இவ்விரு வரிசையிலும் பொதுவாக நிற்க இயலாது. அவர்க்குத் திறந்திருப்பவை பெரும்பாலும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கூடுதல் கட்டணம் வாங்கும் இடங்களே. அவற்றுக்கும் நீட் தேர்வு எழுத வேண்டும். நாம் தமிழர் என்பது உறவாகுமேயன்றி ஒதுக்கீடு ஆகாது.

இரண்டாவது கேள்வி, படித்துத் திரும்பினால் இங்கே தொழில் செய்ய முடியுமா என்பது. 1971 ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி மருத்துவர்களைப் பதிவு செய்வது மலேசிய மருத்துவ மன்றம். மன்றம் ஏற்காத கல்லூரியில் பட்டம் பெற்றவர் தனியே ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் பயிற்சி மருத்துவராகலாம். அங்கீகாரமும் நிலையானதன்று. உக்ரைனிலிருந்த கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை 2005 இல் மலேசியா விலக்கிக்கொண்டபோது, நம் மாணாக்கர் பலர் அங்கே பயின்றுகொண்டிருந்தனர். ஆகவே மன்றத்தின் பட்டியலை நாமே பார்க்க வேண்டும். தரகு பெறும் முகவர் வாய்மொழி போதாது. மருத்துவம் பயில்வோர்க்கு மன்றம் வகுத்துள்ள குறைந்த அளவுத் தகுதி அயல்நாடு செல்வோர்க்கும் பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, பணம். முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் மற்றவை நடக்கும் என்று எண்ணுவோர் உளர். மருத்துவப் படிப்பு ஐந்தாண்டுப் படிப்பு. தந்தையின் சேமநிதி இரண்டாம் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டால், பாதிப் படிப்புக்குப் பட்டம் தருவார் எவருமிலர். பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கே உரியது என்பதும் கணக்கில் சேர வேண்டும். 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டு வருகின்றனர். ஆகவே பட்டம் பெற்றவுடன் நிரந்தரப் பணி என்று நம்பிக் கடன் வாங்குதல் கூடாது.

நான்காவது கேள்வி மீண்டும் விண்ணப்பிப்பவர்க்கே உரியது: சென்ற ஆண்டுக்கும் இவ்வாண்டுக்கும் என்ன வேறுபாடு? அதே புள்ளிகள், அதே பட்டியல், அதே விடைகள் என்றால் முடிவும் அதுவாகவே இருக்கும். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 100க்கு 90 புள்ளி கல்வித் தேர்ச்சிக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு; மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. இவற்றுள் எதில் குறை நேர்ந்தது என்று முதலில் காண வேண்டும். எஸ்.டி.பி.எம். புள்ளி குறைவென்றால் மீண்டும் எழுத வழியுண்டு. நேர்முகத்தில் தயங்கினார் என்றால் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பழக வேண்டும். குறை இன்னதென்று அறியாமல் கல்லூரியை மட்டும் மாற்றுவது, நோய் அறியாமல் மருந்தை மாற்றுவது போன்றதே.

இந்நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரே விடை எழுதச் சொல்லுங்கள். விடை எழுத முடியாத கல்லூரியை அடித்துவிடலாம். எஞ்சியவற்றுள் எட்டுவதற்கு அரியது, முயன்றால் எட்டுவது, உறுதியாக எட்டுவது என மூவகையும் இருக்கட்டும். மருந்தியல், தாதிமை, மருத்துவ உதவி அதிகாரிப் பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றும் அத்தாளில் இடம்பெறட்டும். அவையும் நோயாளிக்குப் பயன்படும் தொழில்களே. அவற்றைத் தோல்வி என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதிருப்பது நம் கடமை.

பிள்ளைக்கு ஊக்கம் தருவோர் பலர். எந்த வாயில் திறக்கும், எது திறவாது என்று முன்னரே கணக்குப் பார்த்துச் சொல்வோர் சிலரே. அச்சிலருள் ஆசிரியரும் ஒருவராக இருத்தல் வேண்டும்.