சப்பாத்தும் பாதமும்

சப்பாத்து என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்றனர். பழந்தமிழர் தொடுதோல் என்றனர். அல்லைப்பிட்டி மணலில் வளர்ந்த யாமோ இரண்டையும் நாடாது வெறுங்காலோடு திரிந்தோம். வெறுங்கால் நடையினர்க்கு முன்பாதம் அகன்றிருத்தலைத் தென்னிந்தியரிடை நிகழ்த்தி 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றும் கண்டது.

நடையால் வந்ததோ, குடிவழி வந்ததோ, அவ்வகன்ற பாதம் ரொறன்ரோவிற் பிறந்த என் தங்கை மகளுக்கும் வாய்த்தது. அவள் பனித்தளத்திற் சறுக்கியாடப் பயில்பவள். சென்ற மாரியில் யான் அங்கிருந்தபோது, அடியில் உருக்கலகு பொருத்திய சப்பாத்தொன்று வாங்கினர். அகலம் போதாமைக்கு ஈடாக நீளத்தில் பெரியதைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். விளைவு யாது? குதி உள்ளே எழுந்து தாழ்ந்தது; கணுக்கால் தளர்ந்தது; விரற்புறத்து நெருக்கமோ நீங்கவில்லை.

“மாமா, என்ரை கால்தான் பிழை. நான் இனிப் போகேல்லை” என்று அழுதாள்.

காலுக்குச் சப்பாத்தா, சப்பாத்துக்குக் காலா?

வேறொரு கடையில் முதியவர் ஒருவர் அவளைத் தாளின்மேல் நிறுத்தி இரு பாதங்களையும் வரைந்தார். உடற்பாரம் ஏறினாலன்றிப் பாதத்தின் மெய்யகலம் தோன்றாது. நீளத்தை எண்ணாலும் அகலத்தை எழுத்தாலும் குறிப்பராம். அமெரிக்காவின் ரீடெல் போன்றோர் ஒரே நீளத்திற்குப் பல அகலங்கள் செய்கின்றனர். குதி ஒடுங்கி முன்பாதம் அகன்றதொன்றைத் தேர்ந்து, சூட்டில் இளக்கிக் காலில் அணிவித்து உருப்படுத்தினார். அப்போதும் நெரித்த ஓரிடத்தைக் கருவியால் விரித்தார். விலையை எங்கள் ரூபாவிற் கணக்கிட்டுப் பார்த்து வாய்மூடினேன்.

மறுவாரம் அவள் பனியில் வட்டமிட்டாள். யான் கரையில், இரவற் சப்பாத்தினுள் சிறுவிரல் நெரிய நின்றிருந்தேன்.